எர்த்து கெடைக்கல கண்ணு

டிஸ்கி: நான் எலக்ட்ரீசியன் கிடையாது. சின்ன வயசுல வீட்டு ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு அப்பாகிட்ட உதை வாங்கின ஆளு, அவ்வளவுதான். இதைப் படிச்சிட்டு யாராவது வண்டிக்கு அடியில போய்ப் படுத்தா நான் பொறுப்பில்லை :-)

2012-ல திருப்பூர்ல இருந்தவங்க யாரும் அந்த வருஷத்தை மறந்திருக்க மாட்டாங்க. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல கரண்ட் இருக்காது. பெரிய கம்பெனிகள்ல சொந்த ஜெனரேட்டர் ஓடும். பத்து மிஷின், இருபது மிஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ற சின்ன பனியன் கம்பெனிக்காரங்க என்ன பண்ணுவாங்க? கப்பல் தேதி கரண்டுக்காகக் காத்திருக்காது. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தாங்க.

எங்க மாமா அப்ப அந்தத் தொழில்ல இறங்கினார். பழைய 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒண்ணு, அதைத் தூக்கி வைக்க ரெண்டு சக்கர டிரெய்லர் ஒண்ணு, இழுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப். பிக்கப் நல்ல மலிவா கிடைச்சுது. ஏன் மலிவுன்னு அப்ப யாரும் யோசிக்கல. அந்தக் கதைக்குப் பிறகு வர்றேன்.

டிரெய்லர் மாட்டின நாள்லேர்ந்து பின் லைட்டு ஒரே ரகளை. பிரேக் மிதிச்சா டெயில் லைட்டு மங்கும். இடது இண்டிகேட்டர் போட்டா ரெண்டு பக்கமும் சேர்ந்து கண்ணடிக்கும். ஹெட்லைட்டே போடாம பிரேக்கை மிதிச்சா டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற குட்டி லைட்டு மினுக்குனு எரியும். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா எல்லாம் தானா சரியாயிடும். அடுத்த குழியில மறுபடி போயிடும். "பேய் புகுந்த வண்டி மாப்ளே"ன்னார் மாமா. நான்தான் மல்டிமீட்டரும் கையுமா போய் நின்னேன். பல்பு மாத்தினேன், பியூஸ் பாத்தேன், பிளக்கைப் பிரிச்சு ஒவ்வொரு ஒயரா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மீட்டரை வெச்சேன். எல்லாத்துக்கும் 'பீப்'னு சத்தம் வந்துச்சு. எர்த்து ஒயருக்கும்தான். "ஒயர் எல்லாம் பக்கா மாமா, ஹோல்டர் லூஸா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நாலாவது நாள் ராத்திரி காங்கயம் ரோட்டுல, நைட் ஷிப்ட் முடிச்சு மொபெட்டுல வந்த ஒருத்தர் அந்த டிரெய்லர் பின்னாடி மோதிட்டார். வண்டி நிக்கல, மெதுவா உருண்டுகிட்டிருந்துது. காரை எலும்பு முறிஞ்சுது, முன் பல்லு ரெண்டு போச்சு. ஆஸ்பத்திரியில அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "லைட்டே இல்லைங்க. இருட்டோட இருட்டா இருந்துச்சுங்க."

அதுக்கப்புறம்தான் இந்த 'எர்த்து'ங்கிற சமாச்சாரத்தைத் தேடித் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க அது எங்கெங்கேயோ போச்சு. கடைசியில நம்ம நொய்யல் கரையிலயே வந்து நின்னுச்சு.

முதல்ல ஜெர்மனி. 1838-ல மியூனிக்கைச் சேர்ந்த ஸ்டெய்ன்ஹைல்ங்கிறவர் தந்தி அனுப்புறதுல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். கரண்ட் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பின்னு ரெண்டு கம்பி வேணும். கம்பிச் செலவு ஜாஸ்தி. நியூரம்பர்க்-ஃபூர்த் ரயில் பாதையில தண்டவாளம் ரெண்டையும் ரெண்டு கம்பியா வெச்சுக்கலாமான்னு முயற்சி பண்ணிப் பாத்தார். சரிவரல. கரண்ட் மண்ணுக்குள்ள கசிஞ்சு ஓடிருச்சு. நானா இருந்தா தலையில கைவெச்சு உக்காந்திருப்பேன். அவர், 'மண்ணு வழியா கரண்ட் போகுதுன்னா, திரும்பி வர்ற கம்பியே எதுக்கு?'ன்னு யோசிச்சார். ரெண்டு முனையிலயும் தகடு புதைச்சு, ஒத்தைக் கம்பியில தந்தி அனுப்பிக் காட்டினார்.

அடுத்த வருஷமே, 1839-ல, கல்கத்தாவுல ஓஷானசிங்கிற டாக்டர் 21 மைல் நீளத்துக்கு ஒரு சோதனைத் தந்திப் பாதை போட்டார். அந்தச் சுற்றுல 7000 அடி வெறும் ஆத்துத் தண்ணி. ஹூக்ளி நதியையே கம்பியா வெச்சுக்கிட்டார் மனுஷன். பின்னாடி இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி இழுத்ததும் இவர் தலைமையிலதான். சென்னையிலிருந்து போத்தனூர் வழியா பேப்பூருக்கு 1862 வாக்குல ரயில் பாதை முடிஞ்சப்போ நம்ம திருப்பூரும் அந்தப் பாதையில ஒரு ஸ்டேஷன். ரயில் பாதையோரமா தந்திக் கம்பமும் வந்துச்சு. மேல ஒரு கம்பி, கீழ நம்ம செம்மண்ணு. பனியன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ஊர் மண்ணு கரண்ட் சுமந்திருக்கு.

மோட்டார் வண்டி வந்தப்பவும் இதே சிக்கனம்தான். ஆரம்ப கால மோட்டார்கள்ல விளக்குன்னா எண்ணெய் விளக்கு, இல்லேன்னா கார்பைடு விளக்கு. அதுக்கு ஒயரும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தன் முதல் பஸ்ஸை ஓட்டினது 1920-ல. கிட்டத்தட்ட அந்தக் காலத்துலதான் உலகம் முழுக்க மோட்டார் வண்டிகள்ல பேட்டரியும் செல்ஃப் ஸ்டார்ட்டும் பரவ ஆரம்பிச்சுது. ஃபோர்டு தன்னோட மாடல் டி காருக்கு 1919-லதான் செல்ஃப் ஸ்டார்ட்டைக் கொடுத்தான். பேட்டரி வந்ததும் மறுபடி பழைய கேள்வி: விளக்குக்கு ரெண்டு ஒயரா, ஒண்ணா? வண்டி முழுக்க இரும்புச் சட்டம் இருக்கு. பேட்டரியோட ஒரு முனையைச் சட்டத்துல முடுக்கிட்டா, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஒயர் மிச்சம். மண்ணோட வேலையை சேசிஸ் எடுத்துக்கிச்சு. பேர் மட்டும் மாறல. மண்ணைத் தொடாத, நாலு ரப்பர் டயர் மேல நிக்கிற வண்டியிலயும் அதுக்கு 'எர்த்து'ன்னுதான் பேரு.

பேட்டரியில எந்த முனையை சேசிஸ்ல கட்டறதுங்கிறதுல ஒரு கூத்து நடந்திருக்கு. மாடல் டி-யில நெகட்டிவ். அடுத்து 1928 வாக்குல வந்த மாடல் ஏ-யில பாசிட்டிவ். ஒரே கம்பெனி! பிரிட்டிஷ் வண்டிகளும் 1930-கள்லேர்ந்து பாசிட்டிவ் எர்த்துக்குப் போயிருச்சு. முனைகள்ல களிம்பு கட்டறது குறையும், ஸ்பார்க் பிளக் சுலபமா பொறி விடும்னெல்லாம் காரணம் சொன்னாங்க. அங்கே பெரும்பாலான வண்டிக்கு எலக்ட்ரிக் சாமான் போட்டது பர்மிங்காம் லூகாஸ் கம்பெனி. அவங்க விளக்கு பட்டுப் பட்டுன்னு அணைஞ்சு போறதுனால 'இருட்டின் இளவரசன்'னு வெள்ளைக்காரங்களே பட்டப்பேரு வெச்சுக் கிண்டல் பண்ணுவாங்க. 1960-கள்ல டயனமோ போய் ஆல்டர்னேட்டரும், வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டரும் வந்த பிறகு எல்லாரும் நெகட்டிவுக்கே வந்துட்டாங்க. எம்.ஜி.பி. கார் 1967-ல மாறுச்சு, மினி 1969-ல. நம்ம பக்கம் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். ஆரம்பிச்சது 1961. இந்த மாற்றம் நடந்துகிட்டிருந்த காலத்துலதான் நம்மூர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்காரங்களோட முதல் தலைமுறை தொழில் கத்துக்கிச்சு.

அந்தத் தலைமுறைக்குப் பக்கத்துல வந்த ஒரு பெரியவர்தான் மாமா வண்டியைச் சரி பண்ணினார். பல்லடம் ரோட்டுல ஒரு வேப்பமரத்தடி, ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான் பட்டறை. என்னை மாதிரி மீட்டரை எடுக்கல. ஒரு ஹெட்லைட் பல்புல ரெண்டு ஒயர் பத்த வெச்சிருந்தார். ஒண்ணை பேட்டரி பிளஸ்ல மாட்டினார், இன்னொண்ணை டிரெய்லர் சட்டத்துல அழுத்தினார். பல்பு சுருட்டு நுனி மாதிரி செவந்துச்சே தவிர எரியல. அதே ஒயரை பேட்டரி மைனஸ்ல வெச்சார், பளிச்சுனு எரிஞ்சுது.

"எர்த்து கெடைக்கல கண்ணு."

"மீட்டர்ல காட்டுச்சுங்களே"ன்னேன்.

"மீட்டரு எத்தன கரண்ட் குடிக்கும்? பல்பு எத்தன குடிக்கும்? ஒத்தையடிப் பாதையில ஒரு ஆளு நடந்து போலாம் கண்ணு, லாரி போகுமா?"

என் தப்பு பூரா அந்த ஒரு கேள்வியில இருக்கு. மல்டிமீட்டர் சோதனைக்கு அனுப்புறது ஆம்பியர்ல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒயருக்குள்ள இருக்கிற முப்பது இழையில இருபத்தொன்பது அத்துப் போனாலும், மிச்ச ஒரு இழை வழியா அது போயிட்டு வந்து 'பீப்' அடிச்சிரும். டிரெய்லர்ல ரெண்டு பிரேக் பல்பு 21 வாட், ரெண்டு டெயில் 5 வாட், ஒரு இண்டிகேட்டர் 21 வாட். மொத்தம் 73 வாட். 12 வோல்ட்டுல அது 6 ஆம்பியர். எர்த்து வழியில வெறும் அரை ஓம் தடை இருந்தாலே பல்புக்குப் போய்ச் சேர்றது ஒன்பதரை வோல்ட் சொச்சம்தான். இழை பல்புல வோல்ட் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சா வெளிச்சமும் அஞ்சுல ஒரு பங்குதான் குறையும்னு நினைச்சிராதீங்க. பாதிக்கும் கீழ போயிரும். பின் விளக்கு 155 மீட்டர் தூரத்துலேர்ந்து தெரியணும்னு 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லுது. பாதி வெளிச்சத்துல, மேல தூசி படிஞ்ச சிவப்புக் கண்ணாடிக்குள்ள இருந்து, எத்தனை மீட்டருக்குத் தெரியும்?

அந்தப் பேய் கதைக்கும் விளக்கம் கிடைச்சுது. பிரேக்கும் டெயிலும் ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை. ரெண்டுக்கும் வெளியேறும் வழி ஒண்ணுதான், அது எர்த்து. அந்த வழி அடைச்சிருந்தா, பிரேக் இழையில வந்த கரண்ட் வெளியே போக முடியாம டெயில் இழைக்குள்ள தலைகீழா ஏறும். அந்த ஒயர் வழியா முன்னால பிக்கப்புக்கே போய், டேஷ்போர்டு லைட்டுக்குள்ள புகுந்து, அங்கே நல்லா இருக்கிற எர்த்துல இறங்கும். டேஷ்போர்டு லைட்டு மினுக்குனது அதனாலதான். டிரெய்லர் பிளக்குல 7 கால் இருக்கும். ஆறு கால் ஆறு வேலைக்கு. அந்த ஆறும் திரும்பி வர்றது மிச்சமிருக்கிற ஒத்தைக் கால்ல. ஜெர்மன்காரங்க வகுத்த நம்பர் முறையில பேட்டரி பிளஸ்ஸுக்கு 30, சாவி போட்டதும் வர்ற கரண்டுக்கு 15, எர்த்துக்கு 31. 12 வோல்ட் வண்டியோட 7 கால் பிளக்குல அந்த 31 மூணாவது கால்ல உக்காரும். 24 வோல்ட் லாரி பிளக்குல எர்த்து முதல் கால். லாரி வேலை செஞ்ச கை பழக்கத்துல பிக்கப்புக்கு மாட்டினா அங்கே ஒரு குழப்பம். இது போக, நம்மூர்ல டிரெய்லர் கட்டறவங்க கையில எந்தக் கலர் ஒயர் இருக்கோ அதுதான் கலர் கோடு.

எர்த்து ஒயர் செத்த பிறகும் அப்பப்ப லைட்டு எரிஞ்சது எப்படி? கொக்கி வழியா! டிரெய்லர் கொக்கியும் பிக்கப் கொக்கியும் இரும்போட இரும்பா உரசுற இடத்துல கரண்ட் திருட்டுத்தனமா திரும்பிக்கிட்டிருந்துது. குழியில ஏறினா தொடும், இறங்கினா விடும். கொக்கிக்கு நிறைய கிரீஸ் வெச்சது நான்தான், தேயக்கூடாதுன்னு. கிரீஸ்ல கரண்ட் போகாது.

பெரியவர் அந்த எர்த்து ஒயரை பிளக் பக்கம் விட்டுட்டு பிக்கப் பக்கமிருந்து பிடிச்சார். சேசிஸ்ல ஒரு போல்ட்டுல முடுக்கியிருந்த லக்கைக் கழட்டி, ஒயர் தோலை ஒரு சாண் தூரம் உரிச்சார். உள்ளே செம்பு இல்லை. பச்சையா களிம்பு. பாட்டி புளி போட்டுத் தேய்ச்சு எடுப்பாங்களே பித்தளை அண்டாவுல, அதே களிம்பு. விரல்ல எடுத்துத் தேய்ச்சா மாவா உதிர்ந்துச்சு. போல்ட் இருந்த இடத்துல சேசிஸ் இரும்பு செதில் செதிலா பேந்து வந்துச்சு.

"இந்த வண்டி முன்னால என்ன லோடு அடிச்சது?"ன்னு கேட்டார். மாமாவுக்குத் தெரியல. பெரியவரே சொன்னார்: "உப்பு."

வித்தவரைக் கேட்டப்போ ஆமான்னார். பல வருஷம் சாயப்பட்டறைகளுக்கு உப்பு மூட்டை அடிச்ச வண்டி.

நம்ம ஊர்ல சரக்கு வண்டி ஓடுற கணக்கே தனி. வேற ஊர்ல ஒரு ஆலைக்குள்ள நடக்கிற வேலை இங்கே பத்து இடத்துல நடக்கும். நூல் நிட்டிங்குக்குப் போகணும், துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங். ஒரு டி-ஷர்ட் கப்பலேறுறதுக்கு முன்னாடி ஊருக்குள்ளயே பல மைல் சுத்திருக்கும். முதல்ல மாட்டு வண்டி, அப்புறம் சைக்கிள் கேரியர், அப்புறம் மூணு சக்கர டெம்போ. 1958-ல ஆரம்பிச்ச பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல பேரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு மாத்திக்கிச்சு. அதே 2005-ல டாடா ஏஸ் வந்து இறங்குச்சு, நம்ம குட்டியானை. ஆனாலும் இன்னிக்கும் எந்த வண்டியைப் பாத்தாலும் 'டெம்போ வந்திருச்சா'ன்னுதான் கேப்பாங்க.

இந்த வண்டிகளுக்கு எமன் உப்பு. பருத்தித் துணியில ரியாக்டிவ் சாயம் ஏத்தறப்போ துணியும் சாயமும் ஒண்ணையொண்ணு தள்ளும், ரெண்டுக்கும் ஒரே மாதிரி மின்னூட்டம். உப்பைக் கொட்டினாத்தான் சாயம் துணிக்குள்ள போகும். கறுப்பு, நேவி மாதிரி அடர் கலருக்கு லிட்டருக்கு 80, 100 கிராம்னு உப்பு. ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணின்னு வெச்சாலும், ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பு. உப்பு துணியில தங்காது, அத்தனையும் தண்ணியோட வெளியே. அது எங்கே போச்சுன்னு உங்களுக்கே தெரியும். பாசனத்துக்குன்னு 1992-ல திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியாச்சு. அந்தத் தண்ணி எங்க வயலுக்கு வேண்டாம்னு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டு கூட வெளியே விடக்கூடாதுன்னு 2006-ல உத்தரவு, கடைசியில 2011 ஜனவரி 28-ம் தேதி சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. எழுநூறுக்கும் மேல பட்டறைகள். பட்டறை மூடினா உப்பு லோடு ஏது? உப்பு லோடு இல்லாதவன் வண்டியை வித்தான். மாமா மலிவா வாங்கினார்.

உப்பு மூட்டை வேர்க்கும். மழைக்காலத்துல கேக்கவே வேண்டாம். அந்த உப்புத் தண்ணி தளப் பலகை இடுக்குல ஒழுகி, நேரா சேசிஸ் மேல, எர்த்து போல்ட் மேல. செம்பு லக், இரும்புச் சட்டம், நடுவுல உப்புத் தண்ணி. பள்ளிக்கூடத்துல பண்ணிக் காட்டுவாங்களே, அதே பேட்டரிதான். இரும்பு கரையும். உப்பும் ஈரமும் ஒயருக்குள்ள இழையோட இழையா ஏறி செம்பையும் தின்னும். வெளியே தோல் புதுசா பளபளன்னு இருக்கும்.

இதுல வேடிக்கை, ஜெனரேட்டருக்குன்னு தனியா ஒரு எர்த்து வேணும், அது நிஜ மண்ணு. கம்பெனி வாசல்ல குழி தோண்டி, கம்பியை இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊத்துவாங்க. நம்ம காஞ்ச மண்ணுக்கு உப்பில்லாம கரண்ட் இறங்காது. டிரைவர் பையன், "அதான் ஜெனரேட்டருக்கு எர்த்து கம்பி இருக்கேங்க, அதுல டிரெய்லர் லைட்டையும் சேத்திரலாமா"ன்னு கேட்டான். ரோட்டுல ஓடறப்போ அந்தக் கம்பியை எங்கே நடுவேன்னு மாமா திட்டினார். எனக்கு அவனைத் திட்டத் தோணல. ஒரே பேரை ரெண்டு வேலைக்கு வெச்சது அவனா? குழி எர்த்து ஆளைக் காப்பாத்த. வண்டி எர்த்து கரண்ட் வீடு திரும்ப.

பெரியவர் செஞ்ச வேலை ரொம்பச் சின்னது. சேசிஸ் போல்ட்டையே நம்பல. டிரெய்லர்ல ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியா எர்த்து ஒயர் இழுத்து, ஒண்ணு சேர்த்து, தடி ஒயரா பிளக்கோட மூணாவது காலுக்குக் கொண்டாந்தார். பிக்கப் பக்கம் அதை நேரா பேட்டரி மைனஸ் வரைக்கும் இழுத்தார். லக்கை அமுக்கி, ஈயம் பத்த வெச்சு, மேல கிரீஸ் பூசினார். 'கிரீஸ்ல கரண்ட் போகாதே'ன்னு மேதாவித்தனமா கேட்டேன். "முடுக்கறதுக்கு முன்னால பூசினாத்தான் தப்பு. முடுக்கினப்புறம் பூசினா தண்ணி போகாது"ன்னார். அப்புறம் என் மீட்டரை வாங்கி வோல்ட்டுல வெச்சு, எல்லா லைட்டையும் எரிய விட்டு, டிரெய்லர் சட்டத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல பாக்கச் சொன்னார். 0.1 வோல்ட். லோடு ஓடறப்போ பாக்கணும், இதுதான் மீட்டரைப் பிடிக்கிற முறை. முன்னாடியே இப்படிப் பாத்திருந்தா ரெண்டு மூணு வோல்ட் காட்டியிருக்கும். கூலி 600 ரூபாய், ஒயர் தனி.

தந்திக் காலத்துல மிச்சம் பிடிச்ச அந்த ரெண்டாவது கம்பியை, கடைசியில நாங்க காசு குடுத்துத் திரும்ப இழுத்திருக்கோம்.

மொபெட்டுல வந்தவர் ரெண்டரை மாசம் வேலைக்குப் போகல. செக்கிங்ல பீஸ் ரேட் ஆளு, போகலைன்னா சம்பளம் கிடையாது. மாமா ஆஸ்பத்திரிச் செலவும் கொஞ்ச நாள் வீட்டுச் செலவும் பாத்துக்கிட்டார். நான் பல்லு கட்டற செலவைக் குடுத்தேன். ஹோல்டர் டைட் பண்ணதோட விட்டது நான்தான்னு அவர்கிட்ட சொன்னேன். "விடுங்க, உங்களுக்கு மட்டும் ஆசையா"ன்னார். அதுக்கு மேல அவரும் பேசல, நானும் பேசல.

அந்த ஜெனரேட்டர் தொழில் ரொம்ப நாள் ஓடல. கரண்ட் நிலைமை சரியானதும் மாமா டிரெய்லரை வித்துட்டார். வாங்க வந்தவர் டயரைத் தட்டிப் பாத்தார், ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தார். மாமா அவரை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய், பிளக்கை மாட்டச் சொல்லி, என்கிட்டேர்ந்து மீட்டரை வாங்கி, ஒவ்வொரு லைட்டா எரிய விட்டு 0.1-ஐக் காட்டிட்டுத்தான் விலை பேச உக்காந்தார்.